சிறையா, சேனையா?
அமெரிக்கப் பழமைவாதிகளின் வாதமும் ஏழைப் பையனின் கதியும்

அமெரிக்காவில் பதினேழு வயதுப் பையன் ராணுவத்தில் சேர வேண்டுமானால் பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பதினெட்டு நிரம்பிவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆள் சேர்க்கும் ஆபீஸ் பெரும்பாலும் கடைவீதியில்தான் இருக்கும். ஒரு பக்கம் சலூன், மறு பக்கம் பலகாரக் கடை, நடுவில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அறை. உள்ளே விறைப்பான உடுப்பில் ஒரு சார்ஜண்ட் உட்கார்ந்திருப்பார். என்ன படிப்பு, உடம்பு எப்படி, போலீஸ் வழக்கு ஏதாவது உண்டா என்று விசாரிப்பார்.

கேட்பது மூன்றே கேள்விகள். ஆனால் சென்ற அறுபது ஆண்டுகளாக அமெரிக்க அரசியல் இந்த மூன்றையும் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறது. குற்றம் ஏன் பெருகுகிறது, கறுப்பர் தெருக்கள் ஏன் இப்படி இருக்கின்றன, பத்திரிகைகள் எதை மறைக்கின்றன, ராணுவத்துக்கு ஏன் ஆள் கிடைப்பதில்லை என்று அந்நாட்டின் பழமைவாத விமர்சகர்கள் ஓயாமல் எழுதியும் பேசியும் வருகிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. உண்மையைப் பாதியோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் பேச்சு எப்படிப் போனாலும், முடிவில் போர்முனைக்கோ சிறைக்கோ போகிறவன் ஏழை வீட்டுப் பையன்தான்.

குற்றமும் ஓட்டும்

1968ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் ரிச்சர்ட் நிக்ஸன் "சட்டம், ஒழுங்கு" என்ற கோஷத்தை முன்வைத்தார். அந்த ஆண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் கலவரம் மூண்டது. ஜூனில் ராபர்ட் கென்னடியும் கொலையுண்டார். பயந்துபோயிருந்த நடுத்தர வெள்ளையர்கள் நிக்ஸனுக்கு ஓட்டளித்தார்கள். அவர் ஜெயித்தார். அது முதல், குற்றத்தைப் பற்றிப் பேசாமல் அமெரிக்காவில் தேர்தல் நடப்பதில்லை.

பழமைவாதிகளின் வாதம் எளிமையானது. வறுமைதான் குற்றத்துக்குக் காரணம் என்றால், ஏழைகள் எல்லோரும் திருடர்களாக இருக்க வேண்டுமே, இல்லையே என்பார்கள். குடும்பம் குலைந்தது, தண்டனை தளர்ந்தது, போலீசின் கை கட்டப்பட்டது என்று காரணம் காட்டுவார்கள். 1982ல் ஜேம்ஸ் வில்ஸன், ஜார்ஜ் கெல்லிங் என்ற இரு அறிஞர்கள் 'அட்லாண்டிக்' மாத இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உடைந்த ஒரு ஜன்னலைச் சரி செய்யாமல் விட்டால் மற்ற ஜன்னல்களும் உடைக்கப்படும். அதுபோலச் சிறு ஒழுங்கீனத்தை விட்டால் பெருங்குற்றம் வளரும் என்பது அதன் சாரம். பிற்பாடு நியூயார்க் போலீஸ் இந்தக் கருத்தையே வழிகாட்டியாகக் கொண்டது.

பலன் கிடைத்ததா? நியூயார்க்கில் 1990ல் 2,200 பேருக்கு மேல் கொலையுண்டார்கள். 2017ல் அந்த எண்ணிக்கை 300க்கும் கீழே இறங்கியது. இது சாதாரண மாறுதல் அல்ல. ஆனால் அந்தப் பெருமை முழுவதும் கண்டிப்பான போலீசுக்கே உரியது என்று சொல்வதற்கில்லை. தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சோதனை போடும் பழக்கம் அங்கே 2011ல் உச்சத்தை எட்டியது. அந்த ஒரே ஆண்டில் 6,80,000 தடவைக்கு மேல் சோதனை நடந்தது. பிடித்து நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்க வம்சத்தாரும்தான். 2013ல் ஃபெடரல் நீதிபதி ஒருவர், இது நடத்தப்படும் முறை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். இனிக் கொலை பெருகப் போகிறது என்று பழமைவாத ஏடுகள் எச்சரித்தன. சோதனைகள் மிகவும் குறைந்தன. கொலையும் மொத்தத்தில் குறைந்தது. 2018 ஜனவரியில் பழமைவாதிகளின் முக்கிய ஏடான 'நேஷனல் ரிவ்யூ'விலேயே, நாம் கணித்தது தவறு என்று ஒப்புக்கொண்டு ஒரு கட்டுரை வந்தது. இப்படித் தவறை ஒப்புக்கொள்ளும் நேர்மை எந்தக் கட்சியிலும் அபூர்வம். அது பாராட்டத் தக்கதே.

ஒரே கணக்கு, இரண்டு படிப்பு

இனம் என்று வரும்போது வாதம் இன்னும் சூடாகிறது. அமெரிக்க ஜனத்தொகையில் கறுப்பர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று அல்லது பதினான்கு பேர். ஆனால் கொலை வழக்குகளில் கைதாகிறவர்களில் சுமார் பாதிப் பேர் கறுப்பர்கள் என்பது எஃப்.பி.ஐ. கணக்கு. பழமைவாத விமர்சகர்கள் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டுவார்கள். பெரிய பத்திரிகைகள் இதை மூடி மறைக்கின்றன என்றும் குறை சொல்வார்கள்.

கணக்கு பொய்யல்ல. ஆனால் அதே ஏட்டைப் புரட்டினால் இன்னொரு கணக்கும் கிடைக்கும். கொலையுண்டவர்களிலும் சுமார் பாதிப் பேர் கறுப்பர்களே. கொல்கிறவனும் சாகிறவனும் பெரும்பாலும் ஒரே தெருவாசி. முதல் கணக்கை மட்டும் படிக்கிறவனுக்குப் பயம் வருகிறது. இரண்டாவதையும் சேர்த்துப் படிக்கிறவனுக்கு, அந்தத் தெருவில் பிள்ளை வளர்க்கும் தாயின் பயம் புரிகிறது. அவள் போலீஸ் வேண்டாம் என்று சொல்வதில்லை. நல்ல போலீஸ் வேண்டும் என்கிறாள்.

போலீஸ் துப்பாக்கிச் சூட்டைப் பற்றியும் இதே கதைதான். 2016ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பொருளாதார அறிஞர் ரோலண்ட் ஃப்ரையர் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். அவரே ஒரு கறுப்பர். தாம் பார்த்த தஸ்தாவேஜுகளில், துப்பாக்கியால் சுடுவதில் இன வித்தியாசம் தென்படவில்லை என்றார். பழமைவாதிகள் அதைக் கொண்டாடினார்கள். ஆனால் தள்ளுவது, சுவரோடு சாய்ப்பது, விலங்கு மாட்டுவது போன்றவற்றில் கறுப்பர்கள் மீது அதிக பலம் பிரயோகிக்கப்படுகிறது என்பதையும் அதே ஆராய்ச்சி காட்டியது. அந்தப் பக்கத்தை அவர்கள் அவ்வளவாகப் படிக்கவில்லை. எதிர்க்கட்சியார் முதல் பக்கத்தைப் படிக்கவில்லை.

பத்திரிகை மீது பாய்ச்சல்

பத்திரிகைக்காரர்களைச் சாடுவது பழமைவாதிகளுக்கு நீண்ட காலப் பழக்கம். 1969 நவம்பர் 13ந் தேதி, உப ஜனாதிபதி ஸ்பைரோ ஆக்னியூ அயோவா மாநிலத்தின் டி மாயின் நகரில் ஒரு பிரசங்கம் செய்தார். மக்கள் தேர்ந்தெடுக்காத ஒரு சிறு கூட்டம், நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் உட்கார்ந்துகொண்டு நாடு எதைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது என்று டெலிவிஷன் கம்பெனிகளைத் தாக்கினார். ஆதரித்து ஏராளமான கடிதங்கள் குவிந்தன. சட்டம் ஒழுங்கு பேசிய அதே ஆக்னியூ, 1973ல் வருமான வரி வழக்கில் சிக்கிப் பதவியை விட்டு விலக நேர்ந்தது வேறு கதை.

அப்போது குறை சொன்னவர்களுக்குச் சொந்தமாக டெலிவிஷன் இல்லை. பிறகு நிலைமை மாறியது. ஒலி, ஒளிபரப்பு நிலையங்கள் சர்ச்சைக்குரிய விஷயங்களில் இரு தரப்பையும் சொல்ல வேண்டும் என்ற விதி 1987ல் ரத்தாயிற்று. மறு ஆண்டு ரஷ் லிம்பா என்பவரின் ரேடியோ நிகழ்ச்சி நாடெங்கும் ஒலிபரப்பாகத் தொடங்கியது. 1996ல் 'ஃபாக்ஸ் நியூஸ்' வந்தது. இன்று பழமைவாதிகளை யாரும் வாய் பேசாதவர்கள் என்று சொல்ல முடியாது. 'எங்களைப் பேச விடுவதில்லை' என்ற பழைய புகார் மட்டும் நிற்கவில்லை.

இவர்கள் பயத்தை ஓட்டாக மாற்றியதற்கு 1988 தேர்தல் ஓர் உதாரணம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கைதிகளுக்குச் சில நாள் விடுமுறை கொடுக்கும் வழக்கம் இருந்தது. அப்படி வெளியே போன ஒரு கறுப்பு ஆயுள் கைதி திரும்பி வராமல், வேறொரு மாநிலத்தில் கொடிய குற்றம் செய்தான். அம்மாநில கவர்னர் டுகாகிஸ் ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது, அந்தக் கைதியின் படத்தைப் போட்டு ஒரு விளம்பரம் டெலிவிஷனில் வந்தது. குற்றம் நடந்தது மெய். விடுமுறைத் திட்டம் கோளாறானது என்பதும் மெய். ஆனால் அந்தப் படம் சொன்ன செய்தி வேறு என்பதை அமெரிக்காவில் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். டுகாகிஸ் தோற்றார்.

'ஒரு லட்சம் பேர்' திட்டம்

குற்றம், இனம் என்ற பேச்சு ராணுவத்தோடு எங்கே வந்து முட்டியது என்பதற்கு 1960களுக்குத் திரும்பிப் போக வேண்டும். 1965ல் தொழிலாளர் இலாகாவின் உதவிச் செயலாளர் டேனியல் மாய்னிஹான், கறுப்பர் குடும்பங்களின் நிலை பற்றி ஒரு அறிக்கை தயாரித்தார். அவர் டெமாக்ரடிக் கட்சிக்காரர். ஆனாலும் பழமைவாதிகள் இன்று வரை அந்த அறிக்கையைக் கையில் வைத்திருக்கிறார்கள். தகப்பன் இல்லாத வீடுகள் பெருகுவதை அது எச்சரித்தது. அத்துடன் இன்னொன்றும் சொன்னது. கறுப்பு இளைஞன் சரிசமமாக நடத்தப்படும் இடம் ராணுவம் ஒன்றே. அங்கே அவன் ஒழுங்கும் தொழிலும் கற்றுக்கொள்வான். ஆனால் ராணுவத்தின் அறிவுத் தேர்வில் கறுப்பு இளைஞர்களில் பாதிக்கு மேல் தோற்றுப் போகிறார்கள் என்று வருந்தியது.

மறு வருஷம், 1966 ஆகஸ்டில், பாதுகாப்பு மந்திரி ராபர்ட் மக்நமாரா ஒரு திட்டத்தை அறிவித்தார். தேர்வில் தோற்கிறவர்களையும் தளர்ந்த விதிப்படி சேர்த்துக்கொள்வது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர். அவர்களுக்குப் படிப்பும் தொழிலும் கற்பித்து நல்ல குடிமக்களாகத் திருப்பி அனுப்புவது. வறுமையை ஒழிக்கும் திட்டமாகவே இது வர்ணிக்கப்பட்டது. வியட்நாம் யுத்தத்துக்கு ஆள் தேவைப்பட்ட நேரம் அது. கல்லூரி மாணவர்களைக் கூப்பிட்டால் பணக்கார, நடுத்தரக் குடும்பங்கள் கொதித்தெழும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

1971 முடிய சுமார் மூன்றரை லட்சம் பேர் இப்படிச் சேர்ந்தார்கள். பத்தில் நான்கு பேர் கறுப்பர்கள். வாக்களித்த படிப்பு பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. தொழில் என்று கிடைத்தது காலாட்படைத் துப்பாக்கிதான். மற்றச் சிப்பாய்களைவிட இவர்கள் மாண்ட விகிதம் மிக அதிகம். உயிரோடு திரும்பியவர்களாவது முன்னுக்கு வந்தார்களா என்று இருபது ஆண்டு கழித்து ஆராய்ந்தார்கள். ராணுவத்துக்கே போகாத, அதே தரத்து இளைஞர்களைவிட இவர்கள் எந்த விதத்திலும் மேலாக இல்லை. சம்பளத்தில் தாழ்ந்தே இருந்தார்கள் என்று தெரியவந்தது.

இந்தப் பாவத்தைப் பழமைவாதிகள் தலையில் கட்டுவது நியாயமாகாது. திட்டம் போட்டது டெமாக்ரடிக் சர்க்கார். ஆனால் 'கெட்ட தெருவில் வளர்ந்த பையனை ராணுவத்தில் சேர்த்துவிட்டால் திருந்திவிடுவான்' என்று இன்றும் சுலபமாகப் பேசுகிறவர்கள், அந்த மூன்றரை லட்சம் பேரை ஒரு தடவை நினைத்துக்கொள்ள வேண்டும். 'சிறைக்குப் போகிறாயா, ராணுவத்துக்குப் போகிறாயா?' என்று நீதிபதி கேட்ட கதைகள் அமெரிக்காவில் பல உண்டு. இப்போது ராணுவ விதியே அதை அனுமதிப்பதில்லை. தண்டனைக்குப் பதிலாக வருகிறவனைச் சேர்க்கக் கூடாது என்பது சட்டம்.

கட்டாயம் போயிற்று, சம்பளம் வந்தது

கட்டாய ராணுவ சேவையை ஒழித்ததில் பழமைவாதிகளுக்கு முக்கியப் பங்கு உண்டு. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன், ஒருவனைக் கட்டாயப்படுத்திக் குறைந்த கூலிக்கு உயிரைக் கொடு என்பது சுதந்திர நாட்டுக்கு அழகல்ல என்று வாதாடினார். நிக்ஸன் நியமித்த கமிஷனில் அவரும் இருந்தார். 1970 பிப்ரவரியில் கமிஷன் அறிக்கை வந்தது. 1973ல் கட்டாய சேவை முடிந்தது.

அதன் பிறகு ராணுவம் சம்பளம் கொடுத்து, கல்லூரிப் படிப்புக்குப் பணம் கொடுத்து, ஆள் தேட வேண்டியதாயிற்று. சந்தை என்று வந்தால், வேறு வழி இல்லாதவன்தான் முதலில் வருவான். 1980களின் தொடக்கத்தில் தரைப்படையின் சாதாரணச் சிப்பாய்களில் சுமார் மூன்றில் ஒருவர் கறுப்பர். ஆனால் இம்முறை கதை வேறு விதமாகப் போயிற்று. தேர்வு விதிகள் இறுக்கப்பட்டன. பதவி உயர்வு ஒழுங்காக நடந்தது. ஜமைக்காவிலிருந்து வந்த ஏழைத் தம்பதியின் மகனாக நியூயார்க்கில் பிறந்த காலின் பவல், 1989ல் முப்படைத் தளபதிகளின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பர் அவர்தான்.

வெள்ளையர்கள் கறுப்பு அதிகாரிக்குச் சலாம் வைக்கும் இடம் அமெரிக்காவில் இது ஒன்றே என்று அறிஞர்கள் எழுதினார்கள். பழமைவாதிகளும் இதையே தங்கள் உதாரணமாகக் காட்டினார்கள்: சலுகை வேண்டாம், கண்டிப்பான ஒரே விதி போதும், தகுதி தானே மேலே வரும் என்று. மற்றவர்கள் மறுத்தார்கள். 1948ல் ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவு போட்டிராவிட்டால் அந்த ஒரே விதி எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டார்கள். இரண்டும் சரியான பேச்சே. உத்தரவு கதவைத் திறந்தது. கண்டிப்பு மேலே ஏற்றியது.

ஆள் பஞ்சம்

2022ல் தரைப்படைக்கு 60,000 பேர் தேவைப்பட்டனர். சுமார் 15,000 பேர் குறைந்தார்கள். மறு ஆண்டும் பத்தாயிரம் பேர் குறைந்தார்கள். கட்டாய சேவை ஒழிந்த பிறகு இப்படி ஒரு பஞ்சம் அபூர்வம். 2018ல் சேர்ந்த வெள்ளையர் சுமார் 44,000. 2023ல் அது சுமார் 25,000 ஆகச் சரிந்தது. கறுப்பர், லத்தீன் வம்சத்தார் எண்ணிக்கையில் இந்த அளவு சரிவு இல்லை.

பழமைவாத விமர்சகர்கள் உடனே காரணம் கண்டுபிடித்தார்கள். இன சமத்துவ வகுப்பு, பாலின வகுப்பு என்று ராணுவத்தைப் பாடசாலை ஆக்கிவிட்டார்கள். பரம்பரை பரம்பரையாகப் பிள்ளைகளை அனுப்பிய வெள்ளைக் குடும்பங்கள் வெறுத்துப்போய் நின்றுவிட்டன என்றார்கள். டெலிவிஷனில் இதை அழுத்தமாகச் சொன்னவர்களில் 'ஃபாக்ஸ் நியூஸ்' நிகழ்ச்சியாளர் பீட் ஹெக்ஸத் ஒருவர். அவர் தேசியக் காவல் படையில் இருந்து போர்முனை கண்டவர். 2025 ஜனவரியில் அவரே பாதுகாப்பு மந்திரியானார். அந்த மாதமே ராணுவத்தில் சமத்துவ, பன்மைத் திட்டங்களை ஒழிக்கும்படி ஜனாதிபதி டிரம்ப் உத்தரவிட்டார். விமர்சனம் செய்தவர் கையிலேயே சாவி வந்து சேர்ந்தது.

2025ல் தரைப்படை தன் இலக்கான 61,000 பேரை நான்கு மாதம் முன்கூட்டியே பிடித்துவிட்டது. பார்த்தீர்களா என்றார்கள் அவர்கள். ஆனால் 2024லேயே இலக்கு எட்டப்பட்டிருந்தது. முக்கிய காரணம் வேறு. 2022 ஆகஸ்டில் தெற்குக் கரோலைனாவின் ஃபோர்ட் ஜாக்ஸன் முகாமில் ஒரு முன்பயிற்சி வகுப்பு தொடங்கினார்கள். எடை கூடியவர்களுக்கு உடற்பயிற்சி, தேர்வில் பின்தங்கியவர்களுக்குப் பாடம். 2024ல் சேர்ந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவர் இந்த வழியாக வந்தவர். மக்நமாரா வாக்களித்துக் கொடுக்காமல் போன படிப்பு, அரை நூற்றாண்டு கழித்துச் சில மாதப் பாடமாக வந்து சேர்ந்திருக்கிறது. இது உருப்படியான மாறுதல்.

இளைஞர்கள் ஏன் சேரவில்லை என்று ராணுவமே 2022ல் விசாரித்தது. சாவுக்குப் பயம், மனம் உடைந்து திரும்புவோமோ என்ற பயம், வீட்டையும் சிநேகிதரையும் பிரிய மனமில்லாமை ஆகிய மூன்றும் முன்னால் நின்றன. சமத்துவ வகுப்பைக் குறை சொன்னவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். சேர விரும்பினாலும் எத்தனை பேர் தேறுவார்கள்? பாதுகாப்பு இலாகாவின் 2020 ஆய்வின்படி, அமெரிக்க இளைஞர்களில் நூற்றுக்கு 77 பேர் விசேஷச் சலுகை இல்லாமல் சேர முடியாதவர்கள். கூடுதல் எடை, போதைப் பழக்கம், நோய், குற்ற வழக்கு என்று காரணங்கள் நீள்கின்றன.

தமிழுக்கும் ஒரு இடம்

இந்தக் கதையில் தமிழுக்கும் ஒரு சிறு இடம் உண்டு. அந்நிய பாஷை தெரிந்தவர்களும் டாக்டர்களும் வேண்டுமென்று 2009ல் அமெரிக்க ராணுவம் ஒரு திட்டம் தொடங்கியது. மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் இருக்கிறவர்கள் சேரலாம். சேர்ந்தால் பயிற்சிக் காலத்திலேயே குடியுரிமைக்கு வழி பிறக்கும். தேவையான பாஷைகளின் பட்டியலில் இந்தி, மலையாளம், சிங்களத்தோடு தமிழும் இருந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அந்நியரால் ஆபத்து வரும் என்ற பேச்சு வலுத்தது. சோதனைகள் கூடின. 2016ல் புதிதாகச் சேர்ப்பது நின்றது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த பலர், விசாக் கெடு முடிந்து நடுத்தெருவில் நின்றார்கள். சிலர் 2018ல் விலக்கப்பட்டார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போனவர்களுக்கு, கையில் காகிதம் இருந்தும் கதவு அடைபடுவது எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

இனிப் பேச்சு எந்தத் திசையில் போகும்? 2024ல் நாடெங்கும் கொலைகள் சுமார் 15 சதவிகிதம் குறைந்தன. ஆயினும் 2025 ஆகஸ்டில், குற்றம் தலைவிரித்தாடுகிறது என்று கூறி டிரம்ப் தலைநகர் வாஷிங்டனில் தேசியக் காவல் படையை இறக்கினார். எந்தத் தெருப் பையனைத் திருத்த ராணுவம் வேண்டும் என்றார்களோ, அந்தத் தெருவைக் காவல் காக்கவும் ராணுவமே வந்து நின்றது. 

கல்விச் சட்டப்படி, மேல்நிலைப் பள்ளிகள் மாணவர்களின் பெயர், விலாசம், டெலிபோன் நம்பரை ஆள் சேர்க்கும் அதிகாரிகளுக்குக் கொடுத்தாக வேண்டும். வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் கொடுக்க மாட்டார்கள். பலருக்கு அப்படி எழுதலாம் என்பதே தெரியாது. ஒரு நாள் மாலை டெலிபோன் மணி அடிக்கும். மறு வாரம் பையன் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைப்பான். தெருவில் சுடப்பட்டுச் சாவானோ என்று பயந்த தாய், பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்தப் பயம் பெரிது என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.